1948 பிப்ரவரி: ஐந்து ஞாயிறு கொண்ட மாதம்

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா 1948 பிப்ரவரியில் பிறந்தவர். வரும் பிறந்தநாளுக்கு, அந்த மாதம் உலகத்தில் என்னென்ன நடந்தது, அவரோடு யார் யார் பிறந்தார்கள் என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து அவர் கையில் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். தேடினால் பத்துப் பட்டியல் கிடைக்கிறது, ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது, எதைச் சேர்ப்பது? இதற்குள் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அப்பா பிறந்த வீட்டு வாசலுக்கு வெளியே அப்போது உலகம் எப்படி இருந்தது என்பது அது. பட்டியலை வைத்துத் தேதியைத்தான் சரிபார்க்கலாம். அந்த இரண்டாவது கேள்விக்கு வேறு விதமாகத்தான் பதில் தேட வேண்டும்.

ஒரு தமிழ் நாளிதழின் நூலகப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ‘வரலாற்றில் இன்று’ பகுதிக்குத் தேதி எடுத்துக் கொடுத்தது பெரும்பாலும் நான்தான். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ஆனால் பைண்டிங் செய்து அடுக்கிய பழைய இதழ்களைப் புரட்டியே காலம் போனதால், ஒரு தேதி எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று ஓரளவு தெரியும். அதிகம் பார்த்த பிழை, செய்தி அச்சான நாளைச் சம்பவம் நடந்த நாளாக எடுத்துக்கொள்வது. காலை நாளிதழில் வந்தது நேற்று நடந்தது. வெளிநாட்டுத் தந்தி என்றால் முந்தாநாள் நடந்ததாகக்கூட இருக்கும். அடுத்தது, சட்டப்படி நடந்ததையும் அதற்காக நடந்த விழாவையும் குழப்பிக்கொள்வது. இதில் நானே மாட்டியிருக்கிறேன். இலங்கை சுதந்திரம் அடைந்தது பிப்ரவரி 10 என்று ஒருமுறை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பழைய படம் ஒன்றின் கீழ் அந்தத் தேதிதான் இருந்தது. ‘ஐயா, 4ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதி வரை நாங்கள் யாருக்கு அடிமையாக இருந்தோம்?’ என்று யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். அந்த அட்டையை வெகுநாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

முதலில் மாதத்தின் உருவத்தைப் பார்ப்போம். 1948 லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள். 1ஆம் தேதி ஞாயிறு, 29ஆம் தேதியும் ஞாயிறு. பிப்ரவரியில் ஐந்து ஞாயிறு வருவது சாதாரணமாக 28 ஆண்டுக்கு ஒருமுறைதான்: 1920, 1948, 1976, 2004, அடுத்தது 2032. இது வெறும் வேடிக்கைத் தகவல் இல்லை, கிழமையை வைத்துத் தேதி பார்க்கும்போது உதவும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதத்தின் நிறத்தைத் தீர்மானித்த சம்பவம் இந்த மாதத்தில் நடக்கவில்லை. ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை, காந்தி சுடப்பட்டார். அப்பா மாத ஆரம்பத்தில் பிறந்திருந்தால் அவர் வந்து விழுந்தது துக்கம் காத்துக்கொண்டிருந்த நாட்டில். 4ஆம் தேதி மத்திய அரசு ஆர்.எஸ்.எஸ். அமைப்பைத் தடை செய்தது, தடை நீங்கியது 1949 ஜூலையில். பதின்மூன்றாம் நாளான பிப்ரவரி 12, வியாழக்கிழமை, டெல்லியிலிருந்து தனி ரயிலில் கொண்டுபோன அஸ்தி அலகாபாத் திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்டது. ஒரு பகுதி அதே நாளில் கன்னியாகுமரிக் கடலிலும் கரைக்கப்பட்டது. கரைப்பதற்கு முன் கலசத்தை மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில்தான் இன்றைய காந்தி மண்டபம் நிற்கிறது. அலகாபாத்தில் கூடிய கூட்டம் பத்து லட்சம் என்றும் முப்பது லட்சம் என்றும் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். தேதி உறுதி, தலை எண்ணிக்கை ஊகம். புத்தகத்தில் எண்ணைப் போடாதீர்கள், ‘பெருங்கூட்டம்’ என்பது போதும்.

கன்னியாகுமரி என்றதும் ஒரு விஷயம். அன்று அது சென்னை மாகாணத்தில் இல்லை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1948 பிப்ரவரியைப் பற்றி எழுதும் யாரும் வழுக்கும் இடம் இதுதான். ஊர் அதே ஊர், நாடுதான் வேறு. அப்பா எந்த ஊரில் பிறந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. புதுக்கோட்டையில் என்றால் அவர் பிறந்தது ராஜா இருந்த ஒரு சமஸ்தானத்தில். அது இந்தியாவோடு இணைந்தது சில நாள் கழித்து, மார்ச் முதல் வாரத்தில். காரைக்காலில் என்றால் பிரெஞ்சு ஆட்சியின் கீழ். நாகர்கோவில், செங்கோட்டை என்றால் திருவிதாங்கூர் பிரஜை. மதுரை, திருநெல்வேலி என்றால்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்த சென்னை மாகாணம். அப்போது மாகாணத்தின் முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள். காரைக்காலைத் தவிர எந்த ஊராக இருந்தாலும் இந்தியாவின் மன்னர் என்ற இடத்தில் இருந்தவர் ஆறாம் ஜார்ஜ்தான். ‘இந்தியாவின் சக்கரவர்த்தி’ பட்டத்தை அவர் விட்டது அந்த ஜூனில். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் பிஞ்சுக் கையில் திணித்த காசிலும் அவர் தலைதான் இருந்திருக்கும்.

இனி இலங்கை. 1948 பிப்ரவரி 4, புதன்கிழமை, இலங்கை டொமினியன் அந்தஸ்துடன், அதாவது பிரிட்டிஷ் மன்னரையே தலைவராக வைத்துக்கொண்டு, சுதந்திரம் பெற்றது. டி.எஸ். சேனநாயக்க பிரதமர், அதுவரை ஆளுநராக இருந்த ஹென்றி மங்க்-மேசன் மூர் முதல் மகா தேசாதிபதி, அதாவது கவர்னர் ஜெனரல். நான் ஏமாந்த 10ஆம் தேதியில் நடந்தது, இங்கிலாந்து அரச குடும்பத்தின் கிளாஸ்டர் கோமகன் கொழும்பு டொரிங்டன் சதுக்கத்தில் நாடாளுமன்றத்தைச் சம்பிரதாயப்படி திறந்துவைத்த விழா. இப்போது அங்கே சுதந்திர நினைவு மண்டபம் இருக்கிறது. சில பட்டியல்களில் மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனதையும் இதே பிப்ரவரியில் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது ஆகஸ்டில், நடைமுறைக்கு வந்தது நவம்பர் 15இல். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் ஜெயித்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கொடி ஏறியபோது மலையகத் தோட்டங்களில் பார்த்தவர்களுக்கு அடுத்த ஒன்பது மாதத்தில் வரப்போவது தெரியாது. புத்தகத்தில் இரண்டையும் ஒரே வரியில் போட்டால் அந்த ஒன்பது மாதம் காணாமல் போய்விடும்.

மலாயாவும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிப்ரவரி 1, முதல் ஞாயிறு, பிரிட்டிஷார் அமைத்திருந்த மலாயன் யூனியன் கலைந்து மலாயா கூட்டரசு பிறந்தது, சிங்கப்பூர் தனியாகவே நின்றது. அப்பா வழியில் யாராவது பினாங்கிலோ ஈப்போவிலோ தோட்ட வேலைக்குப் போயிருந்தால் இந்தத் தேதியை அவசியம் சேருங்கள். குடியுரிமை விதிகள் முந்தைய ஏற்பாட்டைவிட இறுகின. வந்தேறிகளாகக் கருதப்பட்ட தமிழருக்கும் சீனருக்கும் அது நேரடியாக உறைத்த விஷயம். அங்கே அவசரநிலை வந்தது ஜூனில். அதையும் பிப்ரவரிக்குள் தள்ளிவிடாதீர்கள்.

இந்தியாவுக்குள் அந்த மாதம் அரசியல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 6ஆம் தேதி காஷ்மீரில் நௌஷேரா சண்டை. தைன் தார் என்ற இடத்தில் காவல் நிலையைக் காத்து உயிர்விட்ட ஜதுநாத் சிங்குக்குப் பிற்பாடு பரம் வீர் சக்ரா கிடைத்தது. அதே நேரத்தில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீர் வழக்கை வாதாடிக்கொண்டிருந்தவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான என். கோபாலஸ்வாமி ஐயங்கார். 20ஆம் தேதி, இந்தியாவா பாகிஸ்தானா என்று ஜூனாகத் சமஸ்தானத்தில் வாக்கெடுப்பு. நவாப் அதற்கு முன்பே தன் நாய்களோடு கராச்சிக்குப் போய்விட்டிருந்தார். சுமார் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் வாக்கில் பாகிஸ்தானுக்கு விழுந்தவை 91. மறுநாள், 21ஆம் தேதி சனிக்கிழமை, அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர் வரைவை அரசியல் நிர்ணய சபைத் தலைவரிடம் ஒப்படைத்தார். 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். 26ஆம் தேதி அது அச்சில் வெளிவந்தது. அரசியலமைப்பு என்றால் நமக்கு நவம்பர் 26உம் ஜனவரி 26உம்தான் நினைவுக்கு வரும். படிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்த்துக் குறை சொல்லும்படி அது முதலில் வெளியே வந்த நாள் இந்தப் பிப்ரவரியில் இருக்கிறது. என்னைக் கேட்டால், அப்பாவின் புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவேன்.

ஒரே நாளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம் என்றால் நான் கைவைப்பது 28ஆம் தேதி, சனிக்கிழமை. பட்டியல்களில் அந்த நாளுக்கு வழக்கமாக ஒரு வரிதான் இருக்கும்: கடைசி பிரிட்டிஷ் படை இந்தியாவை விட்டுப் புறப்பட்டது. உண்மைதான். சோமர்செட் லைட் இன்ஃபன்ட்ரியின் முதல் பட்டாலியன், பம்பாயின் கேட்வே ஆஃப் இந்தியா வளைவுக்குள் அணிவகுத்து நடந்து கப்பல் ஏறியது. ஐந்தாம் ஜார்ஜ் 1911இல் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டிய வாசல் அது. மன்னர் உள்ளே வந்ததற்காகக் கட்டிய வாசல் வழியாகவே அவருடைய படை வெளியே போனது. ஆனால் அதே சனிக்கிழமை டெல்லியில், கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1948–49க்கான பட்ஜெட்டைச் சபையில் வைத்தார். முந்தைய நவம்பரில் அவரே கொடுத்தது ஏழரை மாதத்துக்கான கணக்குதான். சுதந்திர இந்தியா ஒரு முழு ஆண்டுக்கு வரவு செலவு போட்டது இந்த முறைதான். அதே சனிக்கிழமை கல்கத்தாவில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இரண்டாவது காங்கிரஸ் தொடங்கியது. மார்ச் 6இல் அது முடிந்தபோது பி.சி. ஜோஷி பொதுச் செயலாளராக இல்லை, அந்த இடத்தில் பி.டி. ரணதிவே இருந்தார். வந்த சுதந்திரம் பொய்ச் சுதந்திரம் என்ற நிலைப்பாட்டோடு கட்சி ஆயுதப் பாதைக்குத் திரும்பியது. பம்பாய்க் கடற்கரையில் ஒரு படை போகிறது, டெல்லியில் செலவுக் கணக்கு வாசிக்கிறார்கள், கல்கத்தாவில் ‘இன்னும் எதுவும் முடியவில்லை’ என்று கூடுகிறார்கள். மூன்றும் ஒரே பகலில்.

நாலாவது ஒன்றும் இருக்கிறது. நான் பார்த்த தமிழ்ப் பட்டியல் எதிலும் அது இல்லை. அதே 28ஆம் தேதி, இன்றைய கானாவான அன்றைய கோல்டு கோஸ்ட்டின் அக்ரா நகரில், முன்னாள் ராணுவ வீரர்கள் ஊர்வலமாகக் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டைக்குப் போனார்கள். ஆளுநரிடம் மனு கொடுப்பதுதான் நோக்கம். பிரிட்டனுக்காகப் பர்மாவில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள், வாக்குறுதி தந்த வேலையும் ஓய்வூதியமும் கேட்டுப் போனார்கள். வழியில் போலீஸ் சுட்டது. சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிபோ, பிரைவேட் ஒடார்டே லாம்ப்டே ஆகிய மூவர் செத்தார்கள். நகரம் பற்றி எரிந்தது. ஐரோப்பியக் கடைகளை மக்கள் புறக்கணித்து வந்த போராட்டமும் அன்றோடுதான் முடிவதாக இருந்தது, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. மார்ச்சில் கைதானவர்களில் க்வாமே நிக்ரூமா ஒருவர். ஒன்பது ஆண்டு கழித்து கானா சுதந்திரம் பெற்றபோது அவர்தான் பிரதமர். பர்மாப் போர்முனைக்கு மேற்கு ஆப்பிரிக்கப் படைகள் இந்தியா வழியாகத்தான் போயின. அக்ராவில் அன்று நடந்தவர்களில் சிலர் நம் ரயில் நிலையங்களில் தேநீர் குடித்தவர்களாக இருந்திருக்கலாம். இந்தக் கடைசி வாக்கியம் என் கற்பனை, அதற்கு மேலே உள்ளது பதிவு. நீங்களும் புத்தகத்தில் இப்படிப் பிரித்துக் காட்டிவிடுங்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செக்கோஸ்லோவாக்கியாவில் 20ஆம் தேதி கம்யூனிஸ்ட் அல்லாத பன்னிரண்டு அமைச்சர்கள் ராஜினாமா கொடுத்தார்கள். 25ஆம் தேதி ஜனாதிபதி பெனெஷ் பணிந்து, கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்டின் புது அமைச்சரவைக்கு ஒப்புதல் தந்தார். ஆட்சிக்கு வந்தவர்கள் இதை ‘வெற்றிப் பிப்ரவரி’ என்றார்கள், மேற்கே ‘பிராக் சதி’ என்றார்கள். உங்கள் புத்தகத்தில் எந்தப் பெயர் வருகிறதோ அந்தப் பக்கம் நீங்கள் சாய்ந்ததாகிவிடும். ‘ஆட்சி மாற்றம்’ என்றால் வம்பில்லை. மாஸ்கோவில் 10ஆம் தேதி வந்த கட்சித் தீர்மானம் ஷோஸ்டகோவிச், புரோகோஃபியெவ் போன்ற இசைமேதைகளைக் கண்டித்தது. மறுநாளுக்குள் திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டைன் இறந்துபோனார். அது நள்ளிரவை ஒட்டிய மரணம், அதனால்தான் சில இடத்தில் 10 என்றும் பெரும்பாலும் 11 என்றும் இருக்கும். 11 என்றே போடுங்கள். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சில் குளிர்கால ஒலிம்பிக் 8ஆம் தேதி முடிந்தது. போருக்குப் பிறகு நடந்த முதல் ஒலிம்பிக் அது. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் அழைப்பில்லை. நம் பக்கம், 15ஆம் தேதி இந்திக் கவிஞர் சுபத்ரா குமாரி சௌகான் கார் விபத்தில் இறந்தார்.

வட கொரியாவின் படை 1948 பிப்ரவரி 8இல் தொடங்கியது என்று ஒரு பட்டியலிலும், இல்லை ஏப்ரல் 25தான் என்று இன்னொன்றிலும் பார்த்துக் குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. படை முறையாக அமைந்தது 1948 பிப்ரவரி 8இல்தான். ஆனால் கிம் இல் சுங் 1932இல் கெரில்லாப் படை தொடங்கியதாகச் சொல்லும் ஏப்ரல் 25ஐ, 1978இலிருந்து படை நாளாகக் கொண்டாடினார்கள். 2018இல் மறுபடி பிப்ரவரி 8க்குத் திரும்பினார்கள். அரசாங்கமே பிறந்தநாளை மாற்றிக்கொள்ளும்போது பட்டியல் போடுகிறவர் என்ன செய்வார்?

அடுத்து வருவதை நான் தனியாக வைப்பேன். மேலே சொன்ன பெரும்பாலான செய்திகளும் அந்த மாதமே நாளிதழிலோ வானொலியிலோ எங்காவது வந்தவை. சென்னையிலும் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் இருந்தன. உங்கள் தாத்தா விவரம் அறிந்தவராக இருந்தால் இவற்றில் சில அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் அந்த மாதம் நடந்தும் யாருக்கும் ஒன்றும் உறைக்காத விஷயங்கள் வேறு வகை. 16ஆம் தேதி, டெக்சாசின் மெக்டொனால்டு வானாய்வகத்தில் ஜெரார்டு கைப்பர் யுரேனஸ் கிரகத்துக்கு ஐந்தாவது நிலா ஒன்றைக் கண்டுபிடித்தார். மிராண்டா என்று பெயர் வைத்தார்கள். படத்தட்டில் அது ஒரு புள்ளி. அதன் கிழிந்து ஒட்டுப்போட்டது போன்ற முகத்தை மனிதர்கள் பார்த்தது 1986 ஜனவரியில், வாயேஜர் 2 விண்கலம் பக்கத்தில் போனபோது. அப்போது உங்கள் அப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது ஆகப்போகிறது. அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்த இரண்டாம் நாள், 18ஆம் தேதி, அமெரிக்காவின் கான்சாஸ் பக்கம் பெரிய விண்கல் ஒன்று விழுந்தது. நார்ட்டன் கவுன்டி விண்கல் என்பார்கள். அதன் பெரிய துண்டே ஏறக்குறைய ஒரு டன். இது உலகத்தை மாற்றியதா என்றால் இல்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் முதலில் படிக்கப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.

பிறப்புகளும் இந்த வகைதான். குழந்தை பிறந்தது வீட்டுச் செய்தி, அதற்குப் பின்னால் ஒரு தேதி வரலாற்றில் ஒட்டிக்கொள்ள முப்பது, நாற்பது வருடம் ஆகும். ஆகவே ‘அந்த மாத நிகழ்ச்சிகள்’ பக்கத்தில் பிறந்தவர்களைக் கலக்காதீர்கள், பின்பக்கத்தில் தனியாகப் போடுங்கள். தமிழில் முதலில் தேடுவது ஜெயலலிதா பெயரைத்தான். பிறந்தது 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, மேலுகோட்டையில். அன்று அது மைசூர் சமஸ்தானம். ராமானுஜர் பல ஆண்டு தங்கிய ஊர் என்பதால் வைணவ வீடுகளில் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நடிகர் டேனி டென்சோங்பா மறுநாள் 25இல், சிக்கிமில். சிக்கிம் இந்தியாவோடு சேர்ந்ததே 1975இல்தான், ‘இந்தியாவில் பிறந்தவர்’ என்று எழுதினால் தவறு. கிழக்குத் திமோரின் கத்தோலிக்க ஆயர் கார்லோஸ் பெலோ 3ஆம் தேதி. 1996இல் அமைதி நோபல் பெற்றவர், பிறந்தபோது அது போர்ச்சுகீசியத் திமோர். சுவீடனின் துப்பறியும் கதை எழுத்தாளர் ஹென்னிங் மான்கெலும் அதே 3ஆம் தேதி. இலங்கை சுதந்திரம் பெற்ற 4ஆம் தேதி, டெட்ராய்ட்டில் ஆலிஸ் கூப்பர் என்று பிற்பாடு பெயர் எடுத்த ராக் பாடகர். அஸ்தி கரைத்த 12ஆம் தேதி, எந்திரங்கள் மனித அறிவை மிஞ்சும் என்று பேசிவரும் ரே கர்ஸ்வைல். 15ஆம் தேதி, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய போலந்து யூதத் தம்பதிக்கு ஸ்டாக்ஹோமில் ஆர்ட் ஸ்பீகல்மன். படக்கதை ஓவியராக வளர்ந்தவர். 19ஆம் தேதி பர்மிங்ஹாமில் கிதார் கலைஞர் டோனி அயோமி. நான் விடாமல் பேசிய அந்த 28ஆம் தேதி சனிக்கிழமை, செயின்ட் லூயிஸில் ஸ்டீவன் சூ. லேசர் ஒளியைக் கொண்டு அணுக்களைக் குளிரவைத்துப் பிடித்த ஆராய்ச்சிக்காக 1997இல் இயற்பியல் நோபல் பெற்றார், பிற்பாடு அமெரிக்காவின் எரிசக்தி அமைச்சரும் ஆனார். அத்தனை பேரையும் அடுக்க வேண்டாம். அப்பாவுக்குக் கேட்ட பெயராக நாலு, கேட்காத பெயராக இரண்டு எடுத்தால் போதும்.

29ஆம் தேதிக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு உண்டு. அப்போது பம்பாய் மாகாண அமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. அவருக்கு அன்று 52 வயது நிறைந்தது. 1900 லீப் வருடம் இல்லாததால் அவருடைய முதல் பிறந்தநாள் 1904வரை தள்ளிப்போயிருக்கும். இதையெல்லாம் கணக்குப் பார்த்தால் 1948இல் வந்தது அவருடைய பன்னிரண்டாவது.

உங்கள் வரைவில் இருக்கும் சிலவற்றை நீக்கச் சொல்வேன். பர்மா சுதந்திரம் பிப்ரவரி இல்லை, ஜனவரி 4. ஜோதிடர் குறித்துக் கொடுத்தபடி விடிகாலை 4.20க்கு நடந்தது. ஆர்வில் ரைட் இறந்ததும் ஜனவரி 30, காந்தி போன அதே நாள். ‘சந்திரலேகா’ படம் வெளியானது ஏப்ரல் 9. இஸ்ரேல் உருவானது மே மாதம். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது அந்த அக்டோபர் 2இல், பிப்ரவரியில் சில மாவட்டங்களில் மட்டுமே இருந்தது.

கடைசியாக, கேட்கத் தயக்கமான கேள்வி. அப்பா பிறந்தது 1948 பிப்ரவரிதான் என்பதற்கு ஆதாரம் என்ன? பள்ளிச் சான்றிதழ் என்றால் நான் அதைப் பாதிதான் நம்புவேன். அந்தத் தலைமுறைக்குத் தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் வாத்தியாரே ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொள்வது ஊருக்கு ஊர் நடந்தது. பிப்ரவரி என்பது ஒருவிதத்தில் நல்ல அறிகுறி. இட்டுக்கட்டும் தேதி பெரும்பாலும் பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டி இருக்கும். சென்னை மாகாணக் கிராமமாக இருந்தால் கிராம முன்சீப் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவேட்டின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அதைவிடச் சுலபமாக வீட்டுப் பெட்டியில் ஜாதகம் கிடைக்கும். அதில் வருடம் ‘சர்வசித்து’ என்று இருந்து, மாதம் சுமாராகத் தையின் பின்பாதியோ மாசியின் முன்பாதியோ என்றால் 1948 பிப்ரவரி சரி. மாசி பிறந்தது 12, 13ஆம் தேதி வாக்கில். வருடம் ‘சர்வதாரி’ என்று இருந்தால் அது 1948 ஏப்ரல் நடுவில் தொடங்கிய வருடம், அதன் மாசி 1949இல் வரும். அப்படியானால் நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு ஆகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். பிப்ரவரி 5 விடிகாலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் எழுதுபவர் புதன்கிழமை என்றுதான் போடுவார், ஆங்கிலத் தேதிப்படி அது வியாழன். ஜாதகம் கணிப்பது எனக்குத் தெரியாது, கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் தெரியும்.

கிழமையை முதலில் பாருங்கள். திங்கள் முதல் சனி வரை எதுவாக இருந்தாலும் அந்த மாதத்தில் நாலு தேதிக்குள் அடங்கிவிடும், நட்சத்திரத்தையும் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சும். ஞாயிறு என்று இருந்தால் மட்டும் 1, 8, 15, 22, 29 என்று ஐந்து. 29 என்று வந்தால் பிறந்தநாள் விழாவை எந்த வருடம் வைப்பது என்று முதலில் அப்பாவையே கேட்டுவிடுங்கள்.